அந்த வீட்டுக்கு ரெண்டு பொண்ணுங்களும் இருந்தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல வாராவாரம் வர்ற வீடு மனை பக்கத்தை நான் ரொம்ப வருஷமா எடுத்து வச்சு படிக்கிறவ. ஹோம் லோன் வட்டி எவ்வளவு, வாஸ்து, டைல்ஸ், மழைநீர் தொட்டின்னு எல்லாமே வருது, ஈசி (சொத்து மேல பதிவான பத்திரங்களையும் வில்லங்கத்தையும் காட்டுற சான்று) பாருங்க பட்டா பாருங்கன்னும் அப்பப்ப போடுறீங்க, நல்ல விஷயம்தான். ஆனா 2025ல நாங்க உறையூர்ல ஒரு வீடு வாங்கப் போயி மாட்டிக்க இருந்த விஷயம் ஈசியிலயும் இல்லை, பட்டாவுலயும் இல்லை, பேங்க் வக்கீல் குடுத்த ஒப்பினியன்லயும் இல்லை. அதை எழுதணும்னு ஆறு மாசமா நினைச்சுக்கிட்டே இருந்தேன், இப்பதான் உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கோங்க, வெட்டாம போடுங்க.

நானும் என் வீட்டுக்காரரும் 17 வருஷம் வாடகை வீட்டுல இருந்தவங்க. பழைய வீடா இருந்தாலும் பரவாயில்ல, மண்ணு நம்மளுதா இருக்கணும்னு தேடித் தேடி, 1200 சதுர அடி மனையில முன்பக்கம் ஓட்டு வீடு பின்பக்கம் ஒரு தளம் போட்ட ரூம்னு ஒண்ணு கிடைச்சுது, விலை 62 லட்சம். விக்கிறவங்க அண்ணன் தம்பி மூணு பேரு. புரோக்கர் வந்து, நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க, ஆடி பிறக்கறதுக்குள்ள முடிச்சிடுங்கன்னு அவசரப்படுத்த, நாங்களும் எங்க விட்டுப் போயிடுமோங்கிற பயத்துல அன்னைக்கு சாயந்தரமே 2 லட்சம் அட்வான்ஸ் குடுத்து 20 ரூபா பத்திரத்துல எழுதி வாங்கிக்கிட்டோம். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய ஒப்பந்தத்தையும் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும்னு சட்டம் இருக்காம், அது எங்களுக்கு பின்னாடிதான் தெரிஞ்சுது, அந்த 20 ரூபா பேப்பரை மட்டும் நம்பி இருந்தா பின்னாடி சிக்கல் வரலாமாம்.

பேப்பர் எல்லாம் பாக்க சுத்தமாத்தான் இருந்துச்சு. அவங்க அப்பா 1974ல கிரயம் வாங்குன மூலப்பத்திரம் ஒரிஜினல் இருந்துச்சு. அவரு 1998ல இறந்துட்டாரு, உயில் எதுவும் எழுதல. வாரிசு சான்றுல அம்மா பேரும் மூணு பசங்க பேரும் இருந்துச்சு. அம்மா 2011ல இறந்துட்டாங்க. நடுவுல 2003ல அம்மாவும் பசங்களுமா சேந்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு அதை பதிவும் பண்ணியிருந்தாங்க. ஈசி போட்டா அதெல்லாம் வரிசையா வந்துச்சு, அடமானம் எதுவும் இல்லை. டவுன் சர்வே பதிவேடு, வீட்டு வரி, தண்ணி வரி, ஈபி கார்டு எல்லாம் பசங்க பேருக்கு மாறி வருஷக்கணக்கா ஆச்சு. பேங்க்ல அவங்க பேனல் வக்கீல் பாத்துட்டு சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு, அவரு பீஸையும் நாங்கதான் கட்டுனோம். அதுக்கு மேல என்ன வேணும்னுதான் நினைச்சோம்.

அளவு எடுக்கறதுக்காக ஒரு நாள் காலையில சர்வேயரோட போயிருந்தப்போ எதிர் வீட்டு பாட்டி திண்ணையில உக்காந்திருந்தாங்க. வீடு வாங்கப் போறவங்களான்னு கேட்டாங்க, ஆமாம் பாட்டின்னேன். நல்ல குடும்பம்மா, ரெண்டு பொண்ணுங்களும் கல்யாணம் ஆகிப் போனப்புறம் கூட அவங்க அம்மா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் பொங்கல் சீர் வாங்கிட்டுப் போக இந்த வாசலுக்குத்தான் வருவாங்க, அவங்க வரும்போதே தெரு கலகலன்னு இருக்கும்னு சொன்னாங்க. எனக்கு காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. எந்த பொண்ணுங்க பாட்டின்னு கேட்டேன், இந்த வீட்டுப் பொண்ணுங்கதான்னு சொல்லிட்டாங்க.

வாரிசு சான்றுல ரெண்டு பேரு பேருமே இல்லை. எப்படி விட்டாங்க, யாரு விசாரிச்சு கையெழுத்து போட்டாங்கன்னு இப்ப தோண்டி என்ன ஆகப்போகுது, அதுக்குள்ள போக நான் விரும்பல. அந்த அண்ணன் தம்பிகளும் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். பெரியவர்கிட்ட கேட்டப்போ அவரு மறைக்கவே இல்லை, ஆமாம்மா ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க, ஆளுக்கு 20 பவுன் போட்டுத்தான் கட்டிக் குடுத்தோம், சீர் செனத்தி எல்லாம் செஞ்சாச்சு, அவங்க எதுவும் கேக்க மாட்டாங்கன்னு ரொம்ப இயல்பா சொன்னாரு. அவரு மனசுல அது தப்பாவே படல. நம்ம ஊர்ல எத்தனை வீட்ல இதே வார்த்தையை சொல்லிக் கேட்டிருப்போம், கட்டிக் குடுத்தாச்சு, போட்டதெல்லாம் அவளுக்கு பங்குதான்னு.

அன்னைக்கு ராத்திரி தூங்கல. மறுநாள் கோர்ட்டுக்கு பக்கத்துல இருக்கிற ஒரு வக்கீல் அம்மாகிட்ட போனோம், பேங்க் வக்கீல் இல்லை, நாங்களா தேடிப் போனவங்க. அவங்க ஒரு மணி நேரம் உக்கார வச்சு சொன்னதைத்தான் உங்க வாசகருங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறேன்.

முதல்ல அவங்க கேட்டது, இந்த சொத்து அப்பா சொந்தமா வாங்குனதா, தாத்தா வழியா வந்ததா. 1974ல கிரயம் வாங்குனது, அவரு சம்பாத்தியம்னு சொன்னோம். அப்ப 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம்தான், அவரு உயில் எழுதாம இறந்தா பொண்டாட்டி, பசங்க, பொண்ணுங்க, அவரைப் பெத்த அம்மா உயிரோட இருந்தா அவங்களும், எல்லாருக்கும் சம பங்கு, இது 1956ல இருந்தே இப்படித்தான்னாங்க. எனக்கு அதிர்ச்சியா இருந்துச்சு. ஏன்னா பொண்ணுங்களுக்கு சொத்துரிமை வந்தது 1989லன்னும் 2005லன்னும்தான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதெல்லாம் பூர்வீக கூட்டுக் குடும்ப சொத்துக்கும்மா, தமிழ்நாடு 1989ல சட்டம் போட்டப்போ அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருந்த பொண்ணுங்களை சேக்கல, 2005 செப்டம்பர் 9ல மத்திய சட்டம் வந்து எல்லா பொண்ணுங்களையும் சேத்துச்சு, அந்த தேதியில அப்பா உயிரோட இல்லாட்டியும் பங்கு உண்டுன்னு 2020ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, ஆனா அப்பா சொந்தமா வாங்கி உயில் எழுதாம போன சொத்துல கல்யாணம் ஆனவ ஆகாதவங்கிற கேள்வியே என்னைக்கும் கிடையாதுன்னு விளக்கமா சொன்னாங்க.

இந்த இடத்துல பத்திர எழுத்தர் ஒருத்தர் எங்களுக்கு ஒரு விளக்கம் குடுத்திருந்தாரு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவான பாகப்பிரிவினையை பொண்ணுங்க கேக்க முடியாது, இது 2003லயே பதிவாயிடுச்சு, அதனால பயப்படாதீங்கன்னு. அதை வக்கீல் அம்மாகிட்ட சொன்னோம். அந்த தேதி உண்மைதான், ஆனா அது கூட்டுக் குடும்ப சொத்துக்கு சொன்னது, இங்க பொண்ணுங்களுக்கு பங்கு 1998ல அப்பா கண்ணை மூடுன அன்னைக்கே வந்துடுச்சு, அவங்களை விட்டுட்டு மத்தவங்க போட்டுக்கிட்ட பத்திரம் அவங்களை கட்டுப்படுத்தாதுன்னுட்டாங்க. அரைகுறையா தெரிஞ்ச ஒரு தேதியை நம்பி 62 லட்சத்தை போட இருந்தோம்.

அப்புறம் அவங்க கணக்கு போட்டுக் காட்டுனாங்க. 1998ல அம்மாவும் அஞ்சு பிள்ளைங்களும், ஆறு பேரு, ஆளுக்கு ஆறுல ஒண்ணு. 2011ல அம்மா போனப்போ அவங்க பங்கு அஞ்சு பிள்ளைங்களுக்கும் சமமா இறங்குது. ஆக இன்னைக்கு ஆளுக்கு அஞ்சுல ஒண்ணு. மூணு அண்ணன் தம்பிங்க கையெழுத்து போட்டா அவங்களால அஞ்சுல மூணு பாகத்தைத்தான் விக்க முடியும், மீதி ரெண்டு பாகத்துக்கு நாங்க பணம் குடுத்திருப்போம், உரிமை வந்திருக்காது. 62 லட்சத்துல அது 24 லட்சத்து 80 ஆயிரம். நாளைக்கு அந்த பொண்ணுங்களோ, அவங்க இல்லாட்டி அவங்க பிள்ளைங்களோ பாகம் கேட்டு வழக்கு போட்டா, இஎம்ஐ கட்டிக்கிட்டே கோர்ட்டுக்கும் நடக்க வேண்டியதுதான். பட்டா அவங்க பேருக்கு மாறி இத்தனை வருஷம் ஆச்சேன்னு கேட்டேன், பட்டா வரி கட்டறதுக்கு ஒரு ஆதாரம், அதுவே உரிமையை உண்டாக்காது, கூட்டுச் சொந்தக்காரங்கள்ல ஒருத்தர் அனுபவிச்சா அது எல்லாருக்காகவும் அனுபவிக்கறதாத்தான் சாதாரணமா எடுத்துப்பாங்கன்னாங்க.

அவங்க கேட்ட இன்னொரு கேள்வி என் மண்டையிலயே ஏறாத கேள்வி. அப்பா இறந்தப்போ அவரைப் பெத்த பாட்டி உயிரோட இருந்தாங்களா? நல்லவேளை அந்தப் பாட்டி 1991லயே போயிட்டாங்க. இருந்திருந்தா பாட்டிக்கும் ஒரு பங்கு வந்து, பாட்டி காலத்துக்கப்புறம் அது பாட்டியோட எல்லா பிள்ளைங்களுக்கும், அதாவது இவங்க சித்தப்பா அத்தைங்களுக்கும் போயிருக்கும்னு சொன்னாங்க. வாரிசுங்க யாராவது அப்ப மைனரா இருந்து, அவங்க பங்கை அம்மாவோ கார்டியனோ கோர்ட் அனுமதி இல்லாம வித்திருந்தா, அந்த பிள்ளை 18 வயசு ஆன மூணு வருஷத்துக்குள்ள அந்த கிரயத்தை ரத்து பண்ணக் கேக்கலாமாம், அதையும் பாத்தாங்க. முஸ்லிம் குடும்பம், கிறிஸ்தவக் குடும்பம்னா பங்கு கணக்கு வேற மாதிரி வரும், ஆனா அங்கயும் பொண்ணு வாரிசுதான், அவளை விட்டுட்டு எழுத முடியாதுன்னாங்க.

பதிவு பண்ணும்போது சார்பதிவாளர் இதைப் பாக்க மாட்டாரான்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. எல்லாருக்கும் வர்ற சந்தேகம்தான் இது. பத்திரத்தை பதிவு பண்றது மட்டும்தான் அவரு வேலை, விக்கிறவருக்கு உரிமை இருக்கா இல்லையான்னு தீர்மானிக்கிற அதிகாரம் அவருக்கு கிடையாதுன்னு 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்குலயே தெளிவா சொல்லியிருக்காம். அப்ப கை ரேகை வச்சு, போட்டோ எடுத்து, பத்திரச் செலவு 9 சதவீதம் கட்டி பதிவு பண்ணாலும், வித்தவருக்கு இல்லாத உரிமை நமக்கு வராது. பதிவாயிட்டா சொத்து நம்மளுதுன்னு நம்புறவங்க எவ்வளவோ பேரு, நாங்களும் அதுல ரெண்டு பேரு. ஈசியும் அப்படித்தான், பதிவான பத்திரம் மட்டும்தான் அதுல வரும். ஒருத்தர் இறந்து அவரு பொண்ணுக்கு பங்கு வந்துச்சுன்னு சார்பதிவாளர் ஆபீஸ்ல எந்த பத்திரமும் தானா பதிவாகாது, அப்புறம் அது ஈசியில எப்படி வரும்?

சார், இதுல என் சொந்தக் கதையும் ஒண்ணு இருக்கு. 2009ல எங்க அப்பா இறந்த அடுத்த வருஷம் என் தம்பி போன் பண்ணி, அக்கா வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போன்னான். போனேன். விடுதலைப் பத்திரம், அதாவது என் பங்கை விட்டுக் குடுக்கிற பத்திரம், படிக்கக் கூட இல்லை, அஞ்சு நிமிஷத்துல ரேகை வச்சுட்டு மத்தியானம் அம்மா கையால சாப்பிட்டுட்டு பஸ் ஏறிட்டேன். அவன் மேல எனக்கு கோபம் கிடையாது, கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். ஆனா கேக்கல. அக்கா உனக்கு இதுல பங்கு இருக்கு, நீ விட்டுக் குடுக்கிறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, குடுத்தேன்னு இன்னைக்கு நான் சொல்லிக்கலாம். இந்த வீட்டு விஷயத்துல நான் ஏன் அவ்வளவு பிடிவாதமா இருந்தேன்னா அதனாலதான்.

அண்ணன் தம்பிங்க கிட்ட தங்கச்சிங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாத்தான் வாங்குவோம்னு சொன்னோம். அட்வான்ஸை திருப்பித் தர மாட்டோம்னு ரெண்டாவது தம்பி கத்துனாரு. புரோக்கர், இதெல்லாம் ஊர்ல யாரும்மா பாக்குறா, நீங்க ஏன் குடும்பத்துல குழப்பம் பண்றீங்கன்னாரு. ஆடி போச்சு, ஆவணி போச்சு. கடைசியில பெரியவரே என்னைக் கூட்டிக்கிட்டு முசிறி பக்கம் இருக்கிற பெரிய தங்கச்சி வீட்டுக்குப் போனாரு. அந்தக்கா 60 வயசு இருக்கும், வீட்டுக்காரர் இல்லை, மகளோட இருக்காங்க. அண்ணனுக்கு காபி போட்டுக் குடுத்துட்டு, நான் சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், அம்மா போனதுல இருந்து அந்த வீட்டைப் பத்தி என்கிட்ட யாரும் பேசுனதே இல்லையேம்மா. பெரியவர் தலையை நிமித்தவே இல்லை. பஸ்ல திரும்பி வரும்போதும் ஒரு வார்த்தை பேசல.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அவங்களுக்குள்ள பேசுனாங்க. அஞ்சு பேருக்கும் சமமா பிரிச்சாங்களான்னா இல்லை. சின்ன தங்கச்சி எனக்கு ஒண்ணும் வேண்டாம், அம்மாவோட குத்துவிளக்கு போதும்னாங்களாம், அண்ணன்கள் வற்புறுத்தி 3 லட்சம் குடுத்தாங்க. பெரிய அக்கா 8 லட்சத்துக்கு சம்மதிச்சாங்க. அது அவங்க முடிவு, அதுல நாங்க தலையிடல. ஆனா நாங்க ஒண்ணுல மட்டும் விட்டுக் குடுக்கல. தனியா விடுதலைப் பத்திரம் வேண்டாம், கிரயப் பத்திரத்துலயே அஞ்சு பேரும் விக்கிறவங்களா வரணும், ரெண்டு அக்காவுக்கும் உள்ள பணம் அவங்கவங்க பேருல டிடியா இருக்கணும், டிடி நம்பர் பத்திரத்துல ஏறணும்னு சொல்லிட்டோம். அண்ணன் கையில குடுத்தா தங்கச்சி கைக்குப் போகுமான்னு நாங்க ஏன் யோசிக்கணும், நேரா அவங்க பேருல இருந்தா யாருக்கும் சங்கடம் இல்லை.

பணக் கணக்கையும் சொல்லிடுறேன், வாங்கப் போறவங்களுக்கு உதவும். மனையோட தனி வீடுன்னா முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், முழு விலையையும் பத்திரத்துல காட்டுனதால எங்களுக்கு 5 லட்சத்து 58 ஆயிரம். கடன் 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும்னா பேங்க் வீட்டு மதிப்புல 80 சதவீதத்துக்கு மேல தரக்கூடாதுங்கிறது ரிசர்வ் பேங்க் விதி, பத்திரச் செலவை அந்த மதிப்புல சேக்கவும் மாட்டாங்க. எங்களுக்கு 48 லட்சம் கடன் வந்துச்சு, மீதி 14 லட்சமும் பத்திரச் செலவுமா கிட்டத்தட்ட 20 லட்சம் கையில இருந்து போட வேண்டியிருந்துச்சு, பிஎஃப், நகை எல்லாம் அதுலதான் போச்சு. சொத்து 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா வாங்குறவங்க விலையில 1 சதவீதத்தை டிடிஎஸ்னு, அதாவது விக்கிறவங்க வருமான வரிக் கணக்குல, பிடிச்சு கட்டணும், விக்கிறவங்க பல பேரா இருந்தாலும் மொத்த விலையைத்தான் பாப்பாங்கன்னு 2024 அக்டோபர்ல இருந்து தெளிவாக்கிட்டாங்க. நாங்க வாங்குறவங்க ரெண்டு பேரு, விக்கிறவங்க அஞ்சு பேரு, ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி ஃபாரம்னு 10 ஃபாரம் போட்டோம், ஆடிட்டர் பொறுமையா போட்டுக் குடுத்தாரு. பொண்ணுங்க பேருல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைக்கிறாங்க, 2025 ஏப்ரல் 1ல இருந்து, ஆனா 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்குத்தான். நல்ல ஆரம்பம், டவுன்ல அந்த விலைக்கு ஒரு மனை கூட கிடைக்காதே, அந்த வரம்பை கொஞ்சம் உயர்த்துனா நல்லா இருக்கும்.

பதிவு அன்னைக்கு அஞ்சு பேரும் வந்தாங்க. பெரிய அக்காவுக்கு ரேகை மெஷின்ல சரியா விழல, வயக்காட்டு வேலை செஞ்ச கை, நாலஞ்சு தடவை துடைச்சுத் துடைச்சு வைக்க வேண்டியிருந்துச்சு. கடைசி தம்பிதான் பக்கத்துல நின்னு அவங்க விரலைப் பிடிச்சு வச்சாரு.

இப்ப உங்ககிட்ட நான் கேக்கிறது இதுதான் சார். உங்க வீடு மனை பக்கத்துல அடுத்த தடவை என்னென்ன ஆவணம் பாக்கணும்னு போடும்போது, ஈசி பட்டாவுக்கு முன்னாடி, விக்கிறவங்க வீட்ல பொறந்த பொண்ணுங்க எத்தனை பேரு, அவங்க எங்க இருக்காங்க, அவங்க கையெழுத்து எங்கன்னு கேக்கச் சொல்லி பெரிய எழுத்துல போடுங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும், குடுத்தப்புறம் கேட்டா நாங்க பட்ட பாடுதான். பழைய வாரிசு சான்றை மட்டும் நம்பாம அக்கம் பக்கத்துல நாலு வீட்ல விசாரிக்கச் சொல்லுங்க. பேங்க் ஒப்பினியன் பேங்க் குடுக்கிற கடனுக்காக எழுதறது, நமக்குன்னு தனியா ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்கன்னு சொல்லுங்க, எங்களுக்கு அதுக்கு ஆன செலவு 7 ஆயிரம். வருவாய்த் துறைக்கும் உங்க பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள், வாரிசு சான்று விசாரணைக்கு வர்ற அதிகாரிங்க ரேஷன் கார்டை மட்டும் பாத்துட்டுப் போகாதீங்க. கல்யாணம் ஆகிப் போன பொண்ணு பேரு அந்த கார்டுல இருக்காது, மாப்பிள்ளை வீட்டு கார்டுலதான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
உறையூர், திருச்சி.